பூட்டியிருந்த நாற்பத்தொரு கடைகள்

கடலோரத்து ஊர் ஒன்றில், ஒரு திட்டம் வந்தால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று ஆராய்ந்து சொல்லியே பிழைக்கிற கம்பெனி ஒன்று இருந்ததாம். பன்னிரண்டு வருஷம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய அருளப்பன், நாற்பது வயதில் அங்கே புது ஆய்வாளராகச் சேர்ந்தார்.

அவருக்கு மேலதிகாரி நஸ்ரின். அவரைவிட ஒன்பது வயது இளையவர்.

"மேடம், ரெண்டு தடவை அறிக்கை கொடுத்தேன். ரெண்டு தடவையும் ஒரு கோடுகூடப் போடாம திருப்பிட்டீங்க. எதுல தப்பு?"

"எத்தனை கடை சார்?"

"இருநூறு. மீன் மார்க்கெட்டை புறவழிச்சாலைக்கு மாத்தினா யாருக்கும் பெரிய நட்டமில்லை. இப்பவே வியாபாரம் மந்தம்தான்."

"இருநூறு பேர்கிட்டயும் கேட்டீங்களா?"

"நாற்பத்தொரு கடை பூட்டியிருந்தது. பட்டியல்லேர்ந்து எடுத்துட்டேன்."

நஸ்ரின் தேநீரை ஒரு மடக்கு குடித்தார்.

"நாளைக்குக் காலையில நாலரைக்கு மார்க்கெட் வாசலுக்கு வாங்க. ஒரு கூடை எடுத்துக்கோங்க."

அருளப்பன் நாள்காட்டியைப் பார்த்தார். நாளைக்குப் பத்து மணிக்கு அறிக்கை நகராட்சிக்குப் போயாக வேண்டும். அவருடைய முதல் அறிக்கை. அது சொதப்பினால் வேலை நிரந்தரமாகாது. இந்த அம்மா மீன் வாங்கக் கூப்பிடுகிறார்.

நாலரைக்கு மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. பட்டியலில் பூட்டிக் கிடந்த கடைகளுக்கு முன்னால்தான் அத்தனை தள்ளுமுள்ளு.

ஆறு மணிக்கு, அமலோற்பவம் என்கிற மீன்காரம்மா பலகையைக் கழுவிக் கவிழ்த்தார்.

"ஏம்மா, அதுக்குள்ள கடையை அடைக்கிறீங்க?" என்று கேட்டார் அருளப்பன்.

"மீன் தீந்துட்டு. தண்ணியவா விக்கச் சொல்லுத?"

"போன வாரம் எங்க ஆளுங்க விசாரிக்க வந்தாங்களே..."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்கு."

"அப்ப பூனைகிட்டதான் விசாரிச்சிருப்பாக."

நன்றாக விற்ற நாற்பத்தொரு பேரையும் அருளப்பன் தன் கையாலேயே பட்டியலிலிருந்து தேடித் தேடி அழித்திருக்கிறார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்? சொல்லியிருக்கலாமே."

"எனக்கும் தெரியாது சார். அந்த நாற்பத்தொண்ணு உறுத்திச்சு. இப்ப உங்ககூடத்தான் பாத்தேன்."

அங்கேயே, ஈரத் தரையில் நின்றபடி, நஸ்ரின் நகராட்சிக் கமிஷனருக்குப் போன் போட்டார்.

"கமிஷனர் சார், இன்னைக்கு அறிக்கை வராது. தப்பான நேரத்துல போய்க் கேட்டுட்டோம். ஒரு வாரம் வேணும். ஆமா, என்னோட தப்புதான்."

மறுமுனையில் போட்ட சத்தம் அருளப்பன் காதுவரை வந்தது. நஸ்ரின் குரல் கொஞ்சமும் ஏறவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, நன்றி சொல்லி வைத்தார்.

"கணக்குப் போட்டது நான். என் பேரைச் சொல்லியிருக்கலாம்" என்றார் அருளப்பன். "என் வேலை போயிடுச்சு, இல்லையா?"

நஸ்ரின் அவர் கையிலிருந்த காலிக் கூடையைப் பார்த்தார்.

"நாளைக்கு நாலு மணிக்கே வந்துடுங்க. அமலோற்பவம் அக்காகிட்ட எனக்கு ரெண்டு கிலோ சாளை வாங்கணும்."

சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மீன் தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்து போனார்.