பதினோரு நாள் பிள்ளை

"டீச்சர், நான் ஒருத்தர் பிறந்ததைத் தேடி வந்தேன். நீங்க செத்தவங்களையே படிக்கச் சொல்றீங்களே!"

ஞானாபரணம் இப்படிக் கேட்டது மூன்றாவது வாரத்தில். அதுவரை பொறுத்ததே பெரிசு. முப்பத்தாறு வருஷம் ரயிலில் கார்டாக இருந்த மனுஷர். ஒரு நிமிஷம் தாமதம் என்றாலும் கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பவர்.

சிவமலர் டீச்சர் கணினித் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"எத்தினை பக்கம் முடிஞ்சுது, அண்ணை?"

"நாற்பத்தொண்ணு."

"அப்ப நாப்பத்திரண்டை வாசியுங்கோ."

இடம் நார்வே. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற ஒரு சின்ன ஊரின் நூலகம். காலை பத்து மணி, வெளியே தூறல். சிஷ்யருக்கு வயது அறுபத்து மூன்று, குருவுக்கு நாற்பத்தொன்பது. சிரிக்காதீர்கள். தெரியாதவர் தெரிந்தவரிடம்தானே போகவேண்டும்?

டீச்சர் வேலணையில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் அகதியாக இங்கே வந்து மீன் தொழிற்சாலையில் முள் எடுத்தவர். வேலை முடிந்த நேரங்களில் இந்த நாட்டின் பழைய தேவாலயப் பதிவுப் புத்தகங்களைப் படிக்கப் பழகிக்கொண்டார். அந்தக் காலத்துப் பாதிரிமாரின் கொக்கி கொக்கியான எழுத்து நார்வேக்காரருக்கே புரியாது. தங்கள் பாட்டன் பூட்டனைத் தேடி அவர்களும் இவரிடம்தான் வருகிறார்கள்.

ஏன் இந்த வேலை என்று கேட்டால், "எங்கட ஊர்ப் பதிவெல்லாம் எரிஞ்சு போச்சு. இவையின்ர எரியாமக் கிடக்கு. ஆராவது வாசிக்கத்தானே வேணும்" என்பார்.

ஞானாபரணத்தின் கதை வேறு. அவர் பொறையார்க்காரர். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரை ஒட்டிய கடற்கரையில் டென்மார்க் ராஜாவின் கோட்டை இருந்தது. நார்வேயும் அதே ராஜாவுக்குக் கீழே. கோட்டைச் சிப்பாய் ஒருவன் உள்ளூர்ப் பெண்ணை வேதக்கோவிலில் வைத்துக் கல்யாணம் பண்ணி, ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டு, காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவன் வழியில் வந்தவர் நம் ஞானாபரணம்.

கல்யாணப் பதிவில் ஒரே வரி. "ஆந்தர்ஸ், ஹெக்லி, சிப்பாய், வயது இருபத்தாறு." பிறந்த ஊரும் இருந்தது. அப்பன் பேர் இல்லை.

அந்த இல்லாத பேர் குடும்பத்தைச் சும்மா விடவில்லை. ஞானாபரணத்தின் அக்கா கிருபாவதிக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடிவந்தது. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து, "அடி தெரியாத குடும்பமாமே. அந்த வெள்ளைக்காரன் எவன் பெத்த பிள்ளையோ" என்றார். அவ்வளவுதான், எல்லாம் தட்டிப்போனது. அக்காவுக்கு இப்போது எழுபத்தொன்று. கல்யாணமே ஆகவில்லை.

ஞானாபரணத்தின் மகள் நார்வேயில் நர்ஸ். அவளைப் பார்க்க மூன்று மாத விசாவில் வந்த மனுஷருக்கு மனசில் ஒன்றே ஒன்றுதான். அந்த அப்பன் பேரைக் கண்டுபிடித்து அக்கா கையில் கொடுக்கவேண்டும்.

மகள் அதைக் கணினியில் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டாள். அந்தக் காலத்தில் இங்கே குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாது. எந்தப் பண்ணையில் இருக்கிறாயோ அதுவே உன் பேர். ஹெக்லி ஒரு பண்ணை. வயதை வைத்துக் கணக்குப் போட்ட வருஷத்தில் ஹெக்லியில் ஞானஸ்நானம் பெற்ற ஆந்தர்ஸும் அகப்பட்டான். அப்பன் பேதர், பண்ணைக்கே சொந்தக்காரர். அவருக்கு மேலே ஏழு தலைமுறை, நடுவில் ஒரு நீதிபதி, உச்சியில் ஒரு பேராயர்.

கேட்கவேண்டுமா? அன்றைக்கே அக்காவுக்குப் போன். அக்கா வாய்விட்டு அழுதார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலில் நின்று, ஒருத்தர் பாக்கியில்லாமல் பிடித்துச் சொன்னார்.

"எங்க பாட்டன் பேராயர் வம்சமாக்கும்!"

ஞானாபரணம் டீச்சரிடம் வந்தது ஒரு கையெழுத்துக்குத்தான். வண்ணத்தில் அச்சடித்த வம்சத் தாளை நீட்டி, "சரின்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தீங்கன்னா போதும்" என்றார்.

டீச்சர் தாளைப் பார்த்தார்.

"அடக்கப் புத்தகம் பாத்தனீங்களோ?"

"அவர் செத்தது எங்க ஊர்லங்க. கல்லறைகூட இருக்கு."

"இருக்கட்டும். இஞ்சத்தையப் புத்தகத்தையும் ஒருக்கா வாசியுங்கோ. முதல் பக்கத்திலையிருந்து."

அப்படி ஆரம்பித்ததுதான். முதல் வாரம் எழுத்துக் கூட்டவும், டீச்சர் எழுதிக் கொடுத்த சொற்களுக்கு அர்த்தம் பழகவுமே போயிற்று. அந்தப் பாதிரியார் தேதி எழுதுகிறவர் இல்லை, திருநாள் பேர்தான் எழுதுவார். அதில் ஞானாபரணம் புலி. உயிர்த்தெழுந்த திருநாளுக்குப் பின் மூன்றாம் ஞாயிறு என்றால் அவருக்கு விரல்நுனியில் கணக்கு. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் பிள்ளைகள். மூன்று வயது. ஆறு மாதம். ஒரு நாள். ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் நான்கு. சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனால் சோறு இறங்குவதில்லை.

இன்றைக்கு நாற்பத்திரண்டாம் பக்கம்.

ஞானாபரணம் விரலை வைத்து, வாய்விட்டு, எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"தவக்காலம் தொடங்கறதுக்கு முந்தின ஞாயிறு. ஆந்தர்ஸ். ஹெக்லி பேதரின் மகன். பதினோரு நாள்."

நிறுத்தினார்.

"அடப் பாவமே, பதினோரு நாளா!"

அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஹெக்லி. பேதர். ஆந்தர்ஸ். அதே வருஷம்.

டீச்சரை நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சர், இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! மூணு வாரமா என்னைச் சுத்தவிட்டீங்களே!"

"அண்டைக்குச் சொல்லியிருந்தா, 'அடப் பாவமே' எண்டு சொல்லியிருக்க மாட்டியள்."

ஞானாபரணம் அதைக் காதில் வாங்குகிற நிலையில் இல்லை.

"எங்க பாட்டன் பதினோரு நாள்ல செத்துப்போயிட்டார்னா, அப்போ நான் யாருங்க?"

"நேற்று என்ர வீட்டிலை மூண்டு தரம் மீன் குழம்பு கேட்டு வாங்கினது ஆரண்ணை?"

"விளையாடாதீங்க, டீச்சர். அக்கா ஊர் பூரா சொல்லிட்டாங்க. இப்போ நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போன் பண்ணுவேன்?"

டீச்சர் ஞானஸ்நானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துப் படத்தைத் திரையில் கொண்டுவந்தார்.

"இந்தப் பாதிரியார் சில பிள்ளையளின்ர ஞானஸ்நானத்தை மற்றப் பிள்ளையளோட சேத்து எழுதேல்லை. இஞ்ச, கடைசியிலை, தனிய எழுதி வச்சவர்."

"எந்தப் பிள்ளைகளை?"

"தாய்க்குக் கலியாணமாகாத பிள்ளையளை."

ஞானாபரணம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"இது வேண்டாம், டீச்சர்."

"அப்ப மூடட்டோ?"

தூறல் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. ஞானாபரணம் எழுந்து ஜன்னல்வரை போனார். போய் என்ன பண்ண? திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இருங்க. நானே படிக்கிறேன்."

படித்தார்.

"தவக்காலம் இரண்டாம் ஞாயிறு. ஆந்தர்ஸ். தாய் இங்கெபோர்க், ஹெக்லி பண்ணை வேலைக்காரி. தகப்பன்..."

அங்கே பேர் இல்லை. 'தாய் சொல்லவில்லை' என்று மட்டும் இருந்தது. ஓரத்தில், பிற்காலத்தில் வந்த வேறொரு பாதிரியாரின் கையெழுத்தில், ஒரு குறிப்பு. 'சிப்பாயாகிக் கிழக்கிந்தியா போனான்.'

இவன்தான். சந்தேகமே இல்லை. வேலைக்காரியும் அதே பண்ணையில் இருந்ததால் அவள் பிள்ளைக்கும் ஹெக்லிதான் பேர். மகள் இந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நீதிபதி போனார், பேராயர் போனார்.

ஞானாபரணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

"எவன் பெத்த பிள்ளையோன்னு அந்தப் பெரியப்பன் கேட்டான். சரியாத்தான் கேட்டிருக்கான், பாவி. அக்கா என்கிட்ட ஒரே ஒரு பேர்தான் கேட்டாங்க. அது இந்த உலகத்துலயே எங்கேயும் இல்லையே, டீச்சர்!"

"இல்லைத்தான்" என்றார் டீச்சர். "ஆனா வரி இன்னும் முடியேல்லை, அண்ணை."

வரி முடியவில்லைதான். ஞானஸ்நானத்துக்கு யார் யார் வந்து நின்றார்கள் என்று எழுதாமல் எந்தப் பாதிரியாரும் விடமாட்டார். முதலில் வருவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பேர்.

ஞானாபரணம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்தார்.

"பிள்ளையைக் கையில் ஏந்தி வந்தவள், மாரித்." கொஞ்சம் நிறுத்தி, "ஹெக்லி பேதரின் மனைவி" என்றார்.

விரல் மடக்கினார். தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு, முதல் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு. மறுபடியும் மடக்கினார்.

"பதினாலே நாள்! தன் பிள்ளையை மண்ணுக்குள்ள வச்சுப் பதினாலே நாள். அதே கோவிலுக்கு இந்தப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்திருக்காங்க!"

"ம்."

"பேரும் அதே பேர்..."

"இஞ்ச ஒரு பிள்ளை செத்தா, அந்த வீட்டிலை அடுத்ததா வாற பிள்ளைக்குத்தான் அந்தப் பேரை வைக்கிறவை."

டீச்சர் எழுந்து, அலமாரியில் எதையோ அடுக்கப் போய்விட்டார்.

ஞானாபரணம் அந்த வரியை இன்னொரு தரம் படித்தார். பிறகு போனை எடுத்தார். பொறையாரில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும் நேரம்.

"அக்கா, நான் அவசரப்பட்டுட்டேன். பேராயரும் இல்லை, ஒண்ணும் இல்லை. அது வேற பிள்ளை. பதினோரு நாள்ல செத்துப்போச்சு."

மீதியையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"நம்ம ஆளு அந்த வீட்டு வேலைக்காரிக்குப் பிறந்தவர். அம்மாவுக்குக் கல்யாணம் ஆகலை. அப்பன் பேரை அந்தம்மா சொல்லவே இல்லையாம். இல்லைக்கா அந்தப் பேர். எங்கேயுமே இல்லை."

நூலகத்தில் யாரோ இருமினார்கள். ஞானாபரணம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அப்போ ஞானஸ்நானத்துக்கு அவரைக் கோவிலுக்கு யாருடா தூக்கிட்டுப் போனது?" என்று கேட்டார் அக்கா.

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"மாரித்னு ஒரு அம்மா. அந்தச் செத்த பிள்ளையைப் பெத்தவங்க. தன் பிள்ளை பேரையே நம்மாளுக்கு வச்சிருக்காங்க."

"என்ன பேர் சொன்னே?"

"மாரித்."

"மாரித்" என்று அக்கா ஒருதரம் சொல்லிப் பார்த்தார். இன்னொருதரமும் சொன்னார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை கோவில்ல கேப்பாங்களே. உங்க பாட்டன் யார் வீட்டுப் பிள்ளைன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"மாரித் வீட்டுப் பிள்ளைன்னு சொல்லுவேன்."

"அவங்க நம்ம ரத்தம் இல்லையேக்கா."

"தூக்கறப்ப அவ அதைக் கேட்டாளாடா?"