ஜமீன்தாரின் புளித்த ரத்தம்

மலைக்கோயில் படியேறிய ஜமீன்தாருக்கு இரைத்தது. "ரத்தம் புளித்துவிட்டது. பேச்சாயி வைத்த புளிக்குழம்புதான் காரணம்" என்றார், அரண்மனை திரும்பியதும் நாடி பார்த்த வைத்தியர். சமையல்காரி பேச்சாயியைக் காவலர்கள் விலங்கோடு சூழ்ந்தார்கள்.

"இப்பவே புளிப்பை வெளியே எடு. இல்லைன்னா சிறை" என்றார் ஜமீன்தார்.

பேச்சாயி கும்பிட்டாள். "எடுக்கிறேனுங்க. எசமான் மூச்சை மட்டும் விடாம பிடிச்சுக்கணும்."

பிடித்தார். முகம் கறுத்தது, கண் பிதுங்கியது. காவலன் அவள் கையைப் பற்றினான். அப்போது ஜமீன்தாரை மீறி மூச்சு பீறிட்டது.

"புளிப்பு போயிருச்சுங்க. உடம்புல ஊறுற புளிப்பை மூச்சுதான் ஓயாம வெளியேத்துது. அடக்கி வச்சா புளிப்பு சேர்ந்து, அதுவே மூச்சை வெளியே தள்ளிரும். படியேறினா அதிகம் ஊறும், அதான் இரைச்சுது. என் குழம்பு ரத்தத்தைப் புளிக்க வைக்காதுங்க."

"என் உத்தரவில்லாம வெளியேத்துதா?"

"உத்தரவுக்குக் காத்திருந்தா எசமான் இந்நேரம் இருந்திருக்க மாட்டீங்க."

ஜமீன்தார் வைத்தியரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மதியத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டார்.