சிறுநீரகத்தின் தலையில் ஏறிய சுரப்பி

உள்ளுறுப்புகள் வாய்விட்டுப் பேசி, சண்டையும் போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு சுரப்பிக்கு மட்டும் நிலையான இடம் கிடையாது. காலையில் கல்லீரல்மேல் சாய்ந்திருக்கும். மதியம் இரைப்பையின் அடியில் படுத்திருக்கும். அதன் வேலையோ பெரியது. உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் சாறும், ஆபத்தில் உடம்பைத் தாங்கும் சாறும் அதனிடம்தான் இருந்தன.

"உப்பைப் பிடிக்கட்டுமா, விடட்டுமா?" என்று வலது சிறுநீரகம் நாள்தோறும் கத்தும். பதில் வராது.

"எங்கே போய்த் தொலைந்தது இது?"

"நேற்று மண்ணீரலுக்குப் பின்னால் பார்த்தேன், அண்ணா" என்றது இடது சிறுநீரகம்.

"நேற்றுப் பார்த்து என்ன செய்ய? இன்றைக்கு உப்பு ஓடுகிறதே!"

இவையெல்லாம் மாதி என்ற பெண்ணின் உடம்பில் இருந்தன. மாதி மலைப்பாறையில் தேன் எடுப்பவள். சில நாட்களாக அவளுக்கு உப்பின்மேல் தீராத ஆசை. பாறையைக்கூட நக்கிப் பார்த்தாள். அன்று கொடியைப் பிடித்துப் பாதிப் பாறை இறங்கியதும் கண் இருண்டது. கை தளர்ந்தது.

மேலே கொடிக்குக் காவல் நின்ற நாத்தனார் ரங்கி அலறினாள்: "அண்ணி! கொடியை விட்டுடாதே!"

"அழுத்தம் குறைகிறது! உப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை, எதை நான் தள்ளுவது?" என்றது இதயம்.

"சேர்த்துவைத்த சர்க்கரையை அவிழ்த்துவிட யாரும் சொல்லவில்லையே!" என்றது கல்லீரல்.

தலைக்குள் பட்டாணி அளவே இருந்துகொண்டு மற்றச் சுரப்பிகளை ஏவும் பிட்யூட்டரி, "ஏய், எழுந்திரு!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டது.

சுரப்பி கொட்டாவி விட்டது. "இப்போதுதான் படுத்தேன்."

வலது சிறுநீரகத்தின் பொறுமை போயிற்று. எட்டிச் சுரப்பியின் ஒரு முனையைப் பிடித்தது. இடது மறுமுனையைப் பிடித்தது. இழுத்த இழுப்பில் சுரப்பி கிழிந்தது. வலதுக்கு முக்கோணத் துண்டு, இடதுக்குப் பிறைத் துண்டு. இரண்டும் அவற்றைத் தங்கள் தலையில் அழுத்திக்கொண்டன.

பயந்துபோன துண்டுகள் சாற்றைக் கொட்டின. மாதியின் விரல்கள் கொடியை இறுக்கின. மேலே ஏறிவிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் நிம்மதி. பயம் தெளியாத துண்டுகள் மாதக்கணக்கில் கொட்டிக்கொண்டே இருந்தன. மாதியின் முகம் உப்பியது, வயிறு பருத்தது, கைகால் மெலிந்தது, தொட்ட இடமெல்லாம் தோல் கன்றியது. "இந்தக் கையை வைத்துக்கொண்டு கொடியில் தொங்கப் போகிறாயா?" என்று ரங்கி அவளை மலைக்கே கூப்பிடவில்லை.

"அன்றைக்குக் கொடுக்கவே இல்லை, இன்றைக்கு நிறுத்தவே இல்லை! உன்னோடு மாரடிக்க என்னால் ஆகாது!" என்றது வலது சிறுநீரகம்.

பிட்யூட்டரி சலிப்போடு சொன்னது: "ஆபத்துச் சாற்றை நான் கூப்பிட்டால் மட்டும் கொடு. இரத்தத்தில் அது போதுமென்றால் நான் வாயை மூடிக்கொள்வேன். நீயும் மூடிக்கொள்."

"உப்புச் சாற்றை நாங்களே கேட்டு வாங்கிக்கொள்கிறோம். தலைமேல்தானே இருக்கிறாய்!" என்றது இடது.

துண்டுகள் ஒப்புக்கொண்டன. அடுத்த தேன் பருவத்தில் மாதி மறுபடி பாறையில் இறங்கினாள். செய்தி மற்ற உடம்புகளுக்கும் பரவியது.

அன்றைக்குத் தொடங்கியதுதான்: அட்ரீனல் சுரப்பி வலது சிறுநீரகத்தின் தலையில் முக்கோணமாகவும் இடதின் தலையில் பிறையாகவும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது; அது கூட்டிக் கொடுத்தாலும் குறைத்துக் கொடுத்தாலும் உடம்பு பொறுப்பதே இல்லை.