ஓரத்தில் நின்றவன்

ஆற்றங்கரை நகரம் ஒன்றில் ஒரு நூற்பாலை இருந்தது. அதன் அலுவலக அலமாரியில் பழைய புகைப்படம் ஒன்று பல காலமாகக் கிடந்தது. கொதிகலன் அறை வாசலில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கும் படம். கடைக்கோடியில், கரி அள்ளிப்போடும் ஆண்டியப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றான். படம் எடுத்த மறுவாரமே கொதிகலன் வெடித்து அவன் இறந்துபோனான்.

அவன் முகம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. புகைப்படத்துக்கு அது தெரியும். பூச்சி அரித்தபோதும் அந்த ஓரத்தை மட்டும் எப்படியோ காத்து வந்தது.

ஆலையின் நூற்றாண்டு விழாவுக்குக் கண்காட்சி வைத்தார்கள். படத்துக்குப் புது மரச்சட்டம் வந்தது.

"நீ எனக்குள் அடங்கமாட்டாய். கொஞ்சம் குறைய வேண்டும்," என்றது மரச்சட்டம்.

"வேறு பெரிய சட்டம் இல்லையா?"

"சுவரில் எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் அழகு."

கத்தரிக்கோல் வாயைத் திறந்துகொண்டு வந்தது. புகைப்படம் கெஞ்சியது: "எதை வேண்டுமானாலும் வெட்டு, அந்த ஓரத்தை விட்டுவிடு. அவன் சாகும்போது மனைவிக்கு நிறைமாதம். அந்தப் பிள்ளை என்றாவது தேடி வரும்."

"நடுவில் நிற்பவரை வெட்டினால் திட்டு விழும். இவனை யார் கேட்கப் போகிறார்கள்?" என்றது கத்தரிக்கோல்.

ஒரே நறுக்கு. துண்டு குப்பையோடு போயிற்று.

விழாவன்று அந்தப் பிள்ளை வந்தார். செல்லையா என்று பெயர், தலை முழுக்க நரைத்திருந்தது.

"சார், கொதிகலன் வெடிச்சதுல எங்கப்பா செத்துட்டாரு. ஆண்டியப்பன்னு பேரு. நான் முகமே பார்த்ததில்ல. இந்தப் படத்துல இருப்பாராமே?"

அமைச்சர் வரும் நேரம். விழா அதிகாரிக்கு அவசரம். நடுவில் மீசையோடு நின்றவர்மேல் விரலை வைத்தார். "இவர்தான்."

"நல்லாத் தெரியுமா சார்?"

"அட, உங்க ஜாடை அப்படியே இருக்கே!"

செல்லையா படத்தின் கண்ணாடியில் கன்னத்தை வைத்து அழுதார். "இவன் இல்லை, இவன் இல்லை!" என்று புகைப்படம் கத்தியது. கண்ணாடியைத் தாண்டி அந்தக் குரல் வரவில்லை.

அந்த முகத்தைச் செல்போனில் எடுத்துப்போய், பெரிதாக்கி, வீட்டில் மாட்டினார் செல்லையா. தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறார்.

அது மேஸ்திரியின் முகம். கொதிகலனில் விரிசல் கண்டு வெளியே ஓடிவந்த ஆண்டியப்பனை, "உன் வேலைக்கு வாசல்ல பத்துப் பேர் நிக்கிறான்" என்று அதட்டி, மறுபடி உள்ளே அனுப்பியவன்.