செவ்வாய்க்குப் போய் வந்த முறுக்கு வண்டி

அறிவியல் வாத்தியார் நல்லசிவத்தை இடும்பன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஒரு ரஸ்க்கை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடும்பா, பிள்ளைங்க தின்கிற பொருள்லயே ஒரு செவ்வாய்க் கிரக வண்டி செய்யட்டும். ஓட்டிப் பாருங்க. உடைஞ்சா யோசிச்சு மாத்துங்க. சோதனை மட்டும் செவ்வாயில எப்படியோ அப்படியே நடக்கணும். கல்வி அதிகாரி வர்றப்ப காட்டலேன்னா அறிவியல் அறையைச் சத்துணவு அரிசி மூட்டைக்குக் கொடுத்துடுவாங்க."

"சொன்னபடி செய்றேன் சார்."

இடும்பன் மூக்காண்டிபுரம் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். சொன்னபடி செய்வதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது.

பிள்ளைகள் வாழைக்காயை உடலாக்கி, முருங்கைக்காயை அச்சாக்கி, நான்கு முறுக்கைச் சக்கரமாக மாட்டினார்கள். சாய்த்த பலகையில் விட்டதும் வண்டி கடகடவென்று ஓடி அழகாக நின்றது.

இடும்பனுக்கு முகம் வாடிவிட்டது. "உடையலையே!"

"உடைஞ்சாத்தானே யோசிக்கச் சொன்னார்?" என்றார் தமிழாசிரியர் செங்கோடன்.

"செத்த மனுஷன் பேச்சைத் தட்டலாமாய்யா?" என்றார் ஓவிய மாஸ்டர் அந்தோணி.

இடும்பன் பூட்ஸ் காலால் ஒரே மிதி. பிறகு மூவரும் உட்கார்ந்து மணியடிக்கும்வரை யோசித்தார்கள். அதற்குள் பிள்ளைகள் வேறு வண்டி செய்துவிட்டார்கள்.

அதிகாரி வரும் நாளும் வந்தது.

"செவ்வாயில தரை சிவப்பு" என்று அந்தோணி அறை முழுக்க மிளகாய்ப்பொடி தூவினார்.

"காத்தும் கிடையாதாமே" என்று செங்கோடன் மின்விசிறியை நிறுத்தினார்.

"அங்கே கதவு ஏதுய்யா?" என்றார் இடும்பன். கதவைக் கழற்றி வெளிச்சுவரில் சாய்த்து வைத்தார்கள்.

"சார், வண்டியை யார் தள்ளி விடுறது?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"செவ்வாயில மனுஷனே இல்லை. எல்லாரும் வெளியே நடங்க!"

பள்ளிக்கூடமே முற்றத்தில் அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அதிகாரி தும்மிக்கொண்டே அறைக்குள் நுழைந்தார். வண்டியைக் காணோம். வாயெல்லாம் சிவப்பாக, கண்ணில் நீர் வழிய, ஓர் ஆடு கடைசி முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தது.

"வண்டி எங்கேய்யா?"

இடும்பன் ஆட்டையே பார்த்தார். மிளகாய்ப்பொடியாலோ நல்லசிவம் நினைவாலோ அவருக்கும் கண் கலங்கியது.

"போயிட்டுத் திரும்பியே வந்துடுச்சு சார். ஒரு ஆளையும் கூட்டிட்டு வந்திருக்கு."

"யோவ், இது ஆடுய்யா!"

"அங்கேயும் ஆடுதான் போல சார். இன்னிக்குத்தானே தெரியுது."

"ஊரு புதுசில்லையா, பாவம் அழுவுது" என்றார் செங்கோடன்.

அரிசி மூட்டையைப் பற்றிப் பேச வாயைத் திறந்த அதிகாரிக்கு மிளகாய்ப்பொடி புரையேறிவிட்டது. இருமிக்கொண்டே ஜீப்பில் ஏறியவர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

அறிவியல் அறை இன்றும் இருக்கிறது. அதில் ஆடு இருக்கிறது.