மீன்கொத்தி மறைத்த மூலை

ஆலம்பாடி ஏரிக்கரையில் ஒரு மீன்கொத்தி இருந்தது. கரையில் வளை குடைந்து மூன்று குஞ்சுகளை வளர்த்துவந்தது. எந்த மீன் எங்கே மேயும், எப்போது எங்கே ஒதுங்கும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. அந்தப் பெருமை அதற்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த ஏரியில் ஆளுக்கொரு விஷயம் தெரியும். சேற்றைப் பற்றி ஆமைக்கு, தாமரைக் கொடிகளைப் பற்றி இலைக்கோழிக்கு, மீனைப் பற்றி மீன்கொத்திக்கு. ஆனால் ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாது.

அப்போதுதான் எருமைக் கூட்டத்தோடு ஒரு கரிச்சான் குருவி வந்து சேர்ந்தது. எருமை முதுகில் உட்கார்ந்துகொண்டு ஏரியைச் சுற்றிவருவதுதான் அதன் பிழைப்பு. சொந்தமாக அதற்கு ஒன்றும் தெரியாது. யாருக்கு எது தெரியும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"ஈரச் சேறா? ஆமையைக் கேளுங்க! தாமரையா? இலைக்கோழியைக் கேளுங்க!" என்று வழி சொல்லிக்கொண்டே போகும். கொஞ்ச நாளில் எல்லாரும் எதற்கெடுத்தாலும் கரிச்சானைத் தேட ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் ஒரு நாரை மீன்கொத்தியிடம் வந்தது. "அண்ணே, விரால் எங்கே கிடைக்கும்?"

"மதகுப் பக்கம் போ."

"ரொம்ப நன்றி! உங்களைக் கேக்கச் சொன்னது கரிச்சான்தான். என்ன கெட்டிக்காரன் அவன்!"

மீன்கொத்திக்கு வயிறு எரிந்தது. "பதில் சொன்னது நான். கெட்டிக்காரன் அவனா?" என்று தனியாகப் பொருமியது. அன்றிலிருந்து கரிச்சானின் இரட்டைவாலைப் பார்த்தாலே அதற்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரை தேடப் போகிற நேரத்திலும் பாதி நேரம் எருமை முதுகையே முறைத்துக்கொண்டிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கோடை வந்தது. ஏரி சுருங்கிக் குட்டையானது. எருமைத் தலைவி கரிச்சானைக் கூப்பிட்டது.

"தம்பி, இந்த வெயில்ல சேத்துல புரளாம எங்களால இருக்க முடியாது. அதுக்காக யாரு குடியையும் கெடுக்கவும் மனசு வரல. எந்த மூலையில யாரும் இல்லைன்னு விசாரிச்சுச் சொல்லு!"

கரிச்சான் பறந்தது.

"கிழக்கு வேண்டாம்பா! என் முட்டையெல்லாம் அங்கதான் இருக்கு!" என்றது ஆமை.

"மேற்குல கால் வெச்சா என் கூடு போச்சு!" என்றது இலைக்கோழி.

தெற்கே வெறும் பாறை. மிச்சம் வடக்கு மூலைதான். அங்கே ஒரு பள்ளம் இருந்தது. ஏரியில் மிச்சமிருந்த அயிரை மீன்கள் அத்தனையும் அந்தப் பள்ளத்தில்தான் ஒதுங்கிக் கிடந்தன. மழை வந்தால் அவைதான் ஏரி முழுக்கப் பெருக வேண்டும். இது மீன்கொத்தி ஒன்றுக்குத்தான் தெரியும். அதன் குஞ்சுகளுக்கு மூன்று வேளையும் அந்த அயிரைதான் சாப்பாடு.

"அண்ணே, எருமைங்க புரள இடம் தேடுதுங்க. வடக்குல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டது கரிச்சான்.

சொல்லத்தான் மீன்கொத்தி வாயைத் திறந்தது. அதற்குள் நாரையின் பேச்சு நினைவுக்கு வந்துவிட்டது. 'நான் சொன்னால் என்ன ஆகும்? அயிரையைக் காப்பாற்றியது கரிச்சான் என்று ஏரியே கொண்டாடும்! எனக்கு என்ன கிடைக்கும்?'

"எனக்கென்னப்பா தெரியும்? எல்லாம் தெரிஞ்ச ஆளு நீதானே!" என்றது வெடுக்கென்று.

"அண்ணே, ஒரு மீன்கூட இல்லையா?"

"இருக்குன்னு நான் சொன்னேனா? இல்லைன்னுதான் சொன்னேனா? போ போ, எனக்கு வேலை இருக்கு!"

கரிச்சான் திரும்பி வந்தது. "வடக்கைப் பத்தி யாரும் எதுவும் சொல்லலம்மா."

"அப்போ அங்க யாரும் இல்லை. வாங்கடி போகலாம்!" என்றது எருமைத் தலைவி.

மறுநாள் காலையில் இரை தேடி வடக்கே போன மீன்கொத்தி அலறியது. பள்ளத்தில் பன்னிரண்டு எருமைகள் சுகமாகப் படுத்திருந்தன. கலங்கிய சேற்றில் அயிரைகள் வாய் பிளந்து மிதந்தன. காக்கைகள் அவற்றை அள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

"எழுந்திருங்க! இது அயிரை இருந்த இடம்!"

எருமைத் தலைவி பதறி எழுந்தது. "ஐயையோ! நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உன்னைக் கேட்டுத்தானே வந்தோம்!"

வளைக்குள் குஞ்சுகள் பசியில் கத்துவது அந்தப் பள்ளம் வரைக்கும் கேட்டது. மானம் போனால் போகட்டும் என்று மீன்கொத்தி கரிச்சானிடமே போய் நின்றது.

"தம்பி, பிள்ளைங்க பட்டினி கிடக்குதுங்க. அயிரை வேற எங்கயாவது மிச்சம் இருக்கா? யாருக்காவது தெரியுமான்னு கேட்டுச் சொல்லுப்பா!"

கரிச்சான் ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. உடனே கிளம்பியது. ஆமையைக் கேட்டது, இலைக்கோழியைக் கேட்டது, நாரையைக் கேட்டது. ஏரியை முழுசாகச் சுற்றிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது.

"எல்லாரையும் கேட்டேன் அண்ணே. எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னாங்க. மீனைப் பத்தின்னா உங்களைத்தான் கேக்கணுமாம்!"

பெயர் அடுத்தவனுக்குப் போய்விடுமோ என்ற பொறாமையில், தனக்குத் தெரிந்ததைப் பலரோடு பகிர்ந்துகொள்ளாமல் மறைப்பவன், முதலில் தன் பிள்ளைகளைத்தான் பட்டினி போடுகிறான்.