வழுக்காத தரை

வீட்டுக்காரம்மாவின் சங்கிலியைக் காணோம் என்று வேலைக்காரி மாரிக்கண்ணுவைப் போலீசார் ஸ்டேஷனுக்கு இழுத்துப்போனார்கள். மறுநாள் கோர்ட்டுக்கு வரும்போது அவள் கை ஒடிந்திருந்தது.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு. பேச்சு மாறுச்சு, அடுத்து உன் மகதான்” என்றார் இன்ஸ்பெக்டர். பெற்றவள் என்ன செய்வாள்? தலையை ஆட்டினாள்.

மாஜிஸ்திரேட் கேட்டார், “கையில் என்னம்மா?”

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேங்கய்யா.”

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

“கழுத்தெல்லாம் வரி வரியாக இருக்கிறதே?”

“அதுவும் அந்தத் தரைதாங்கய்யா. பெல்ட் போட்டிருந்துச்சு. சாராய வாடை அடிச்சுச்சு. எந்திரிக்கப் பார்த்தேன், அது விடலை.”

இன்ஸ்பெக்டர் முகத்தில் ஈயாடவில்லை. எல்லார் கண்ணும் அவர் இடுப்புக்குப் போனது. மாஜிஸ்திரேட்டும் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு குனிந்து உத்தரவு எழுதினார்: ஸ்டேஷன் பாத்ரூமுக்கு வழுக்காத தரை போட வேண்டும்.

போட்டார்கள். மாரிக்கண்ணு ஜெயிலில் கிடக்கும்போதே அதே ஸ்டேஷனிலிருந்து இன்னொருத்தி வந்து சேர்ந்தாள், கால் ஒடிந்து.

“மாடிப்படியில உருண்டுட்டேன்னு சொல்லச் சொன்னாங்கக்கா.”

மாரிக்கண்ணு அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த ஸ்டேஷனுக்கு மாடியே கிடையாது.